பற்றாக்குறையில் முன்னுரிமை: மின்சாரமும் தண்ணீரும் பங்கிடப்படும் விதம்

மின்சாரமோ தண்ணீரோ எல்லோருக்கும் போதாத நாளில், அதை வழங்கும் வாரியம் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்று முடிவு செய்தாக வேண்டும். மருத்துவமனை, குடிநீரேற்று நிலையம், தீயணைப்பு, ரயில், தொலைத்தொடர்பு ஆகியவை முதலில் வரும். அடுத்து வீடுகள், பிறகு வணிகமும் தொழிலும், கடைசியில் விளம்பரப் பலகைகளும் அலங்கார விளக்குகளும். பல நாடுகளின் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இதை எழுதுவதில் பெரிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. சிக்கல் செயல்படுத்தும்போது தொடங்குகிறது. மின்வாரிய ஊழியரின் கைக்கு எட்டுவது துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு மின்பாதையின் பிரேக்கர். குடிநீர் வாரிய ஊழியரின் கைக்கு எட்டுவது தெருமுனையில் மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு வால்வு. அந்த பிரேக்கருக்கும் வால்வுக்கும் அப்பால் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் உண்மையான முன்னுரிமையாக முடிகிறது.

இரண்டில் மின்சாரத்தின் அவசரம் தனி வகை. தண்ணீரை ஏரியில் மாதக்கணக்கில் தேக்கி வைக்கலாம். மின்தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு கணமும் ஈடாக இருக்க வேண்டும். ஈடாக இருக்கிறதா என்பதைக் காட்டும் நாடித்துடிப்பு அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ்; 49.90 முதல் 50.05 வரை அனுமதிக்கப்பட்ட எல்லை. நுகர்வு மிஞ்சினால் ஜெனரேட்டர்களின் சுழற்சி தளர்ந்து அதிர்வெண் இறங்கும். ஓரளவுக்குக் கீழே போனால் மின் நிலையங்கள் தம் இயந்திரங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே தொகுப்பைவிட்டுக் கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மற்றவற்றின் சுமை கூடும், அவையும் கழலும். சில நிமிடங்களில் ஒரு மாநிலமோ ஒரு நாடோ இருளில் மூழ்கிவிடலாம்.

இதைத் தடுக்கும் ஒரு காவல் மனிதர் கையில் இல்லை. துணை மின் நிலையங்களில் பொருத்தப்பட்ட ரிலேக்கள் 49.4 ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக மின்பாதைகளைத் துண்டிக்கின்றன. எந்த மின்பாதையில் எந்த ரிலே என்பது முன்னரே எழுதி வைத்த கணக்கு. துண்டிக்கும் நொடியில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தக் கணக்கின் விளைவு சில சமயம் விநோதமாக இருக்கும். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் இப்படித் தானியங்கி முறையில் சுமார் 11 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, நியூகாசில் விமான நிலையமும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

இன்னொரு காவல், மாநில மின்சுமை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர். அளவுக்கு மேல் எடுக்கும் மாநிலம் தன் சுமையைக் குறைக்க வேண்டும் என்று மண்டல மையம் உத்தரவிடும். மாநில மையம் மாவட்டங்களுக்குச் சொல்லும். துணை மின் நிலையத்தில் ஒருவர் 11 கிலோவோல்ட் மின்பாதையை நிறுத்திவிட்டுப் பதிவேட்டில் நேரத்தைக் குறிப்பார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தயங்கினாலும் ஆபத்து. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் நடந்தது அதுவே. சில மாநிலங்கள் தமக்குரிய அளவை மீறி எடுத்தன. உத்தரவு வந்தும் தம் நுகர்வோரைப் போதிய அளவு துண்டிக்கவில்லை. பலவீனமாக இருந்த இணைப்புப் பாதைகள் விழுந்தன. 31ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் சாய்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. தமிழ்நாடு அன்று தப்பியதற்கு நிர்வாகத் திறமை காரணமில்லை. தென்மண்டலத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் அப்போது இணைக்கப்பட்டிருக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வழியாக இணைந்தது.

நாள்கணக்கில் நீளும் பற்றாக்குறையில் சுழற்சி முறை வருகிறது. அதன் கணக்கு எளிது, ஆனால் விதிவிலக்குகள் அதைப் புரட்டிப் போடுகின்றன. 100 மெகாவாட் தேவைப்படும் ஊருக்கு 80தான் கிடைக்கிறது என்று கொள்வோம். எல்லோரும் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் நாளில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மின்வெட்டு. பாதிச் சுமைக்கு விலக்கு அளித்தால் மீதிப் பாதிக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம். 70 சதவீதத்துக்கு விலக்கு என்றால் மிஞ்சியவர்களுக்கு 16 மணி நேரம். ஒவ்வொரு விலக்கும் தனித்தனியே பார்க்கும்போது நியாயமாகவே இருக்கும். கூட்டிப் பார்த்தால்தான் அதற்கு விலை கொடுப்பது யார் என்று தெரியும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் இந்தக் கணக்கு உயிரைக் குடித்தது. கடும் குளிரில் எரிவாயுக் கிணறுகளும் மின் நிலையங்களும் உறைந்து நின்றன. வீடுகளைச் சூடேற்றும் தேவையோ உச்சத்தில் இருந்தது. பிப்ரவரி 15 அதிகாலை 2 மணிக்குச் சற்று முன், 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய அதிர்வெண் 59.4க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 நொடி அங்கேயே நின்றது. 9 நிமிடம் நீடித்திருந்தால் மின் நிலையங்கள் வரிசையாகக் கழன்றிருக்கும். மொத்தத் தொகுப்பையும் மீண்டும் எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம். தொகுப்பைக் காப்பாற்ற ஒரு கட்டத்தில் 20,000 மெகாவாட் வரை துண்டித்தார்கள்.

துண்டிக்க வேண்டிய அளவு அவ்வளவு பெரிது. விலக்கு பெற்ற மின்பாதைகளும் ஏராளம். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சமிருந்தவற்றில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைக் கொடுத்துச் சுழற்ற இடமே இருக்கவில்லை. சுழற்சி முறை என்று அறிவிக்கப்பட்டது, பல குடியிருப்புகளில் நாள்கணக்கில் நீண்ட இருட்டாக மாறியது. அதே இரவுகளில் நகர மையங்களில் ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் விளக்கொளியில் நின்றன. அவற்றைக் காப்பாற்ற யாரும் நினைக்கவில்லை. மருத்துவமனை போன்ற முக்கிய இடங்களின் மின்பாதையோடு அவையும் பிணைந்திருந்தன. நிலத்தடிக் கேபிள் வலையில் அவற்றை மட்டும் பிரித்து நிறுத்த வழியில்லை. விமர்சகர்கள் இதைப் பாரபட்சம் என்றார்கள். கம்பி போட்டவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்ட முடிவு என்பதே பொருத்தமான விவரணை.

அதைவிட மோசமான தவறு பட்டியலிலேயே இருந்தது. மின் நிலையங்களுக்கு எரிவாயுவைத் தள்ளும் அமுக்கி நிலையங்கள் பல மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றில் பல, தாங்கள் முக்கியச் சுமை என்று மின் நிறுவனத்திடம் பதிவு செய்திருக்கவில்லை. பதிவதற்கான படிவம் இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. மின்வெட்டு அவற்றையும் நிறுத்தியது. எரிவாயு குறைந்தது, மின்னுற்பத்தி மேலும் விழுந்தது. அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். எரிவாயுக் கட்டமைப்பில் எவை மின்சாரத்துக்கு இன்றியமையாதவை என்று வரைபடமிட்டுப் பதிவு செய்வதை அதன் பிறகே சட்டம் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டின் நீண்ட பற்றாக்குறை வேறு மாதிரியானது. நொடிப்பொழுது ஆபத்தாக இல்லாமல் ஏழாண்டு நீடித்த வறட்சி அது. 2008 நவம்பரில் தொடங்கிய கட்டுப்பாடுகள் 2015இல்தான் முற்றிலும் விலகின. 2012இல் தேவைக்கும் கிடைப்பதற்கும் இடையில் சுமார் 4,000 மெகாவாட் இடைவெளி இருந்தது. மின்சாரச் சட்டம் 2003இன் 23ஆவது பிரிவின் கீழ் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட, உயரழுத்த மின் இணைப்பு பெற்ற ஆலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அவற்றின் முந்தைய நுகர்விலிருந்து 40 சதவீதம் வெட்டப்பட்டது. மாலை 6 முதல் 10 மணிவரை விளக்குக்கும் காவலுக்கும் வேண்டிய சொற்ப அளவே அனுமதி.

ஆலைகளை முதலில் வெட்டியதற்குக் கொள்கைக் காரணங்கள் சொல்லப்பட்டன. நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. உயரழுத்த இணைப்புகளில் நேரவாரியாகப் பதிவு செய்யும் மின்னணு மீட்டர்கள் இருந்தன. ஒதுக்கீட்டை மீறினால் அபராதக் கட்டணம் விதிக்கலாம். பிரேக்கரைத் தொடாமலேயே சுமையைக் குறைக்கலாம். தாழ்வழுத்த இணைப்புள்ள வீட்டுக்கும் கடைக்கும் லேத் பட்டறைக்கும் அப்படி வழியில்லை. ஒட்டுமொத்த மின்பாதையையும் நிறுத்துவதுதான் ஒரே உபாயம். ஆகவே பெரிய ஆலைக்குக் கிடைத்தது அளவுக் கட்டுப்பாடு, கோயம்புத்தூரின் சிறு பட்டறைக்குக் கிடைத்தது நேர வெட்டு. நூற்பாலைக்குச் சொந்தக் காற்றாலை இருக்கலாம், வெளியிலிருந்து மின்சாரம் வாங்கலாம், பெரிய டீசல் ஜெனரேட்டர் ஓட்டலாம். வாடகைக் கட்டடத்தில் இரண்டு லேத் வைத்திருப்பவர், வேலையாட்களை உட்கார வைத்துவிட்டு மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருந்தார்.

ஊர்களுக்கிடையிலும் இதே கதை. 2012 பிப்ரவரியில் சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் பிற மாவட்டங்களில் மின்வெட்டு 10 மணி நேரத்தைத் தாண்டியது. ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் போகும். தலைநகர், விமான நிலையம், பெரிய மருத்துவமனைகள், மென்பொருள் நிறுவனங்கள் என்று சென்னைக்கான நியாயங்கள் அடுக்கப்பட்டன. அந்த நியாயங்களின் விலையை மதுரையும் திருச்சியும் கோவையும் மணிக்கணக்கில் செலுத்தின. மேலே கண்ட கணக்கின்படி வேறு மாதிரி ஆகியிருக்கவும் முடியாது. ஊருக்குள்ளேயும் அரசு மருத்துவமனையின் மின்பாதையில் தற்செயலாக இணைந்திருந்த தெருக்கள் நிம்மதியாக இருந்தன.

வேளாண்மைக்கு வேறு உத்தி. பம்பு செட்டுக்குத் தேவையான மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று பிரித்து விடப்படும். மற்ற நேரங்களில் விளக்கெரிய ஒருமுனை மட்டும். எப்போது வரும் என்று உறுதியில்லாததால் விவசாயி மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தி, சுவிட்சை எப்போதும் போட்டே வைப்பார். நள்ளிரவில் மின்சாரம் வந்தாலும் மோட்டார் ஓடும், வாய்க்கால் நிரம்பி வழியும். ஒருமுனையிலேயே கண்டென்சர் வைத்து மோட்டாரை ஓட்டுவதும் உண்டு. டிரான்ஸ்பார்மர் எரிந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம். குஜராத் 2003 முதல் 2006 வரை நிறைவேற்றிய ஜோதிகிராம் திட்டம் இந்தச் சிக்கலைக் கம்பியிலேயே தீர்க்கப் பார்த்தது. ஊருக்கு ஒரு மின்பாதை, வயலுக்கு இன்னொன்று என்று பிரித்தார்கள். வயலுக்கு நேரம் குறித்து 8 மணி நேரம், ஊருக்கு முழு நாளும். செலவு பெரிதுதான். ஆனால் அதன் பிறகு அங்கே பள்ளிக்கூடத்தை இருட்டாக்காமல் பம்பை நிறுத்த முடிந்தது.

இலங்கையின் 2022 நெருக்கடியில் குறைந்தது எரிபொருள். அதை வாங்க அந்நியச் செலாவணி இருக்கவில்லை, நீர்மின் தேக்கங்களும் வற்றியிருந்தன. மார்ச் 31 முதல் மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. நாடு எழுத்துகளால் குறிக்கப்பட்ட வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, இலங்கை மின்சார சபை கேட்பதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதித்து, கால அட்டவணை வெளியிடப்பட்டது. முன்கூட்டிய அட்டவணை மின்சாரத்தைக் கூட்டாது என்றாலும், சமைப்பதையும் தண்ணீர் ஏற்றுவதையும் திட்டமிட வைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதையே ஒன்று முதல் எட்டு வரை கட்டங்களாக வகுத்தார்கள்; ஒவ்வொரு கட்டமும் 1,000 மெகாவாட் குறைப்பு. தமிழ்நாட்டில் 2012இல் மக்களை அதிகம் எரிச்சலூட்டியது அறிவிக்கப்படாத வெட்டுதான்.

தண்ணீருக்கு அதிர்வெண் கிடையாது. இந்த நொடியில் முடிவெடு என்று எந்தக் கருவியும் கட்டாயப்படுத்துவதில்லை. மழை வரும் என்ற நம்பிக்கையில் முடிவைத் தள்ளிப்போடலாம், பெரும்பாலும் தள்ளிப்போடவும் படுகிறது. கொள்கை அளவில் குறையில்லை. 1987ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை குடிநீர், பாசனம், நீர்மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து, தொழில் என்று வரிசைப்படுத்தியது. 2002இல் சூழலியலும் வரிசையில் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டுக் கொள்கை குடிநீர், துப்புரவு முதலிய அடிப்படைத் தேவைகளை முன்வைத்து, எஞ்சியதைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதச் சொன்னது. மூன்றிலும் குடிநீரே முதலிடம். அது எந்தத் தெருவின் குடிநீர் என்பதைக் கொள்கை சொல்லாது, குழாய்தான் சொல்லும்.

பற்றாக்குறையில் குடிநீர் வாரியம் முதலில் செய்வது அழுத்தத்தைக் குறைப்பது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் விடுவது. இரண்டுமே மேட்டுப் பகுதியையும் குழாயின் கடைசிப் பகுதியையும் தாக்கும். பாசனத்தில் கடைமடைக்கு நேரும் அதே கதி, நகரக் குழாயின் கடைமடைக்கும். தலைமடையில் இருப்பவர் குழாயோடு நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். சென்னையில் பல தெருக்களில் அழுத்தம் எவ்வளவு குறைவு என்றால், தண்ணீர் தரைக்குக் கீழே உள்ள சம்ப் வரைதான் வந்து விழும். சம்ப் இல்லாதவர் வாசலில் அடிபம்பு அடித்து மேலே ஏற்ற வேண்டும். சம்ப் கட்ட இடமுள்ள வீடு, தண்ணீர் விடும் ஒரு மணி நேரத்தில் இரண்டு நாளுக்கானதைச் சேமித்துவிடும். ஒற்றை அறைக் குடித்தனம் குடங்களில் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவுதான். காலியான குழாய்க்கு இன்னொரு கேடும் உண்டு. உள்ளே அழுத்தம் இல்லாதபோது, விரிசல்கள் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசியும். ஆகவே வால்வை முழுதும் மூடுவதைவிட மெலிதாக ஓடவிடுவதையே பொறியாளர்கள் விரும்புவார்கள்.

2003-04இல் சென்னையில் அந்த மெல்லிய ஓட்டமும் நின்றது. ஏறக்குறைய ஓராண்டுக்குக் குழாய் வழி விநியோகம் நிறுத்தப்பட்டு, லாரிகளும் தெருவோர சின்டெக்ஸ் தொட்டிகளும் நகரைத் தாங்கின. 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்த பின், 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் மீண்டும் வறண்டன. நான்கின் மொத்தக் கொள்ளளவு 11 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம். இம்முறை குழாய் நிற்கவில்லை. வீராணம் ஏரி, மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், நெய்வேலி நிலத்தடி நீர், விவசாயக் கிணறுகளிலிருந்து வாங்கியது, கல்குவாரித் தண்ணீர் என்று திரட்டி நாளொன்றுக்குச் சுமார் 52.5 கோடி லிட்டர் விடப்பட்டது. வழக்கமாக 80 கோடியைத் தாண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து ஜூலை 12 அன்று முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். படம் பிடிக்க ஏற்ற காட்சி. அன்றைய விநியோகத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. அதற்கே, ஜோலார்பேட்டை அப்போது இருந்த வேலூர் மாவட்டத்தில் எதிர்ப்புக் குரல் எழுந்தது.

லாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழாயால் முடியாததை லாரியால் செய்ய முடியும்: இந்தத் தெருவுக்கு இத்தனை நடை, அந்த மருத்துவமனைக்கு இத்தனை என்று தேர்ந்து கொடுக்கலாம். முன்னுரிமைப் பட்டியலை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றக்கூடிய ஒரே கருவி அதுதான். அதே காரணத்தால் உள்ளூர் அழுத்தத்துக்கு மிக எளிதில் வளைவதும் அதுதான். எந்த முனையில் லாரி நிற்கும், எத்தனை குடம், யார் வரிசையில் முதலில் என்பதெல்லாம் தினசரிப் பேரமாகிவிடும். தனியார் லாரியிடம் பட்டியலே கிடையாது, விலைதான் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் அந்த லாரிகளை நம்பியிருந்த மென்பொருள் நிறுவனங்கள் சில, 2019இல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது அந்த விலைக்கும் தண்ணீர் கிடைக்காமல் போனதால்தான்.

கேப்டவுன் நகரம் 2018இல் வேறு வழியில் போனது. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது. அணைகள் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடி, சுமார் 200 மையங்களில் ஆளுக்கு 25 லிட்டர் வழங்குவது என்று திட்டமிட்டு அந்த நாளுக்குத் தேதியும் குறித்தது. மருத்துவமனைகளும், தெருக்குழாயை நம்பிய குடிசைப் பகுதிகளும் அந்த மூடலிலிருந்து விலக்கு. ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் இருந்ததால், அதிகம் செலவழிப்பவரைக் கண்டறிந்து கட்டணத்தாலும் கட்டுப்பாட்டுக் கருவியாலும் இறுக்க முடிந்தது. 2015இன் உச்சத்தில் நாளுக்கு 120 கோடி லிட்டர் வரை செலவழித்த நகரம், சுமார் 50 கோடிக்கு இறங்கியது. அந்த நாள் வரவேயில்லை. சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டரே கிடையாது என்பதால் இந்த உத்தியை அப்படியே இங்கே எடுத்தாள முடியாது.

மின்சாரமும் தண்ணீரும் ஒன்றின் பட்டியலில் மற்றொன்று இடம்பெறுபவை. டெக்சாஸில் மின்சாரம் போனதும் நீரேற்று நிலையங்கள் நின்றன, குழாய்கள் வெடித்தன, அழுத்தம் விழுந்தது. ஒன்றரைக் கோடிப் பேர் அளவில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். மறுபக்கம், மேற்கு வங்கத்தின் பராக்கா அனல் மின் நிலையம் 2016 மார்ச்சில் கால்வாயில் நீரின்றி நின்றது. 2023 ஆகஸ்டில் இலங்கையில் உடவளவை விவசாயிகள் பயிரைக் காக்கச் சமனலவெவ நீர்த்தேக்கத்தைத் திறக்கக் கேட்டார்கள்; திறந்தால் தென்பகுதியில் மின்வெட்டு வரும் என்று மின்சார சபை எச்சரித்தது. நெல்லா, விளக்கா என்ற அந்தக் கேள்வி அமைச்சரவை வரை போய், நீர் திறந்துவிடப்பட்டது. இத்தகைய மோதலைப் பொறியாளர்களிடம் விட்டுவிட முடியாது, அவர்களுடைய பட்டியலில் அதற்கு விடை கிடையாது.

ஆக, முன்னுரிமையை மாற்ற விரும்பினால் கம்பியையும் குழாயையும் மீட்டரையும் மாற்ற வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் வழியாக வீட்டை முழுதும் இருட்டாக்காமல் விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடும் அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கலாம். தென்னாப்பிரிக்கா இதைச் சில குடியிருப்புகளில் சோதித்துப் பார்த்தது. தண்ணீருக்கு இன்னொரு வழி, வரிசையில் நிற்பவர்களில் சிலருக்கு வேறு மூலத்தைக் காட்டுவது. மணலி ஆலைகள் சில 1990களின் தொடக்கத்திலேயே சென்னையின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019இன் கடைசி மாதங்களில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேடு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் செல்கிறது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 9 கோடி லிட்டர்: ஜோலார்பேட்டை ரயில் 36 நடை வந்தால்தான் அந்த அளவு சேரும்.